குனியத் தெரியாத ஜீப்

“யானை குனிஞ்சி ஏத்திக்குது. ஜீப் மட்டும் ஏன்ப்பா குனிய மாட்டேங்குது?”

அஃப்ஷீன் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அப்பா ஷபியுல்லாவின் தோளில் உட்கார்ந்திருந்தாள். வேகவதி ஆறு கரையை மறந்து காஞ்சிபுரத்துத் தெருக்களுக்குள் புகுந்த அந்தப் பெருமழை ஆண்டு அது. தண்ணீர் ஷபியுல்லாவின் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ஜுலைகா, நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியில் உதட்டைக் கடித்தபடி நின்றாள். எந்த ஆட்டோவும் வரவில்லை. வந்தது ஒரு பழைய பச்சை ஜீப்தான். அதன் படியோ அவள் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. ஒரு முறை காலைத் தூக்கிப் பார்த்தாள். முடியாமல் கீழே வைத்துவிட்டாள். கோயில் வாசலில் பாகன் ஏறுவதற்காக யானை முன்காலை மடக்கிக் கொடுத்ததை முந்தின வாரம்தான் பார்த்திருந்த குழந்தை, அப்போதுதான் அப்படிக் கேட்டது.

பதிலைச் சொன்னவர் ஜீப்பை ஓட்டி வந்த காக்கிச் சட்டைக்காரர். அவரும் வாயால் சொல்லவில்லை. கீழே இறங்கி, அந்தச் சேற்றுத் தண்ணீரில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, மற்றத் தொடையைப் படிபோல நீட்டினார்.

“கால வெச்சி ஏறுமா. கூச்சப்படாத. மேல கயிறு தொங்குது பாரு, அத்தப் புடிச்சிக்கோ.”

பல நிறங்கள் சிதறிக் கிடந்த பட்டுக் கயிறு அது. தறியில் மிஞ்சும் துண்டு நூல்களை முறுக்கித் திரித்தது. ஜுலைகா அதைப் பிடித்து, அந்தத் தொடையில் கால் வைத்து ஏறினாள். அன்று மதியம் அரசு மருத்துவமனையில் ரெஹான் பிறந்தான். நன்றி சொல்ல ஷபியுல்லா வாசலுக்கு ஓடி வந்தபோது ஜீப்பும் இல்லை, மனிதரும் இல்லை. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. உதவி செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களை இறைவன் எங்கே வைத்திருக்கிறானோ, தேடினால் கிடைப்பதில்லை.

சில சமயம் அவர்களாகவே வருவார்கள்.

ஷபியுல்லாவின் மெக்கானிக் ஷெட் வாலாஜாபாத் சாலையில் இருக்கிறது. முன்பு அந்தக் கட்டடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நெசவாளி காலைத் தொங்கவிட்டு உட்கார்கிற தறிக்குழியை அவர் அகலமாக்கி, ஆழமாக்கி, வண்டிகளின் அடிவயிற்றைப் பார்க்கிற குழியாக மாற்றிக்கொண்டார். “பிஸ்மில்லாஹ்” சொல்லி அதில் இறங்கினாரென்றால் தொழுகை நேரத்துக்குத்தான் மேலே வருவார். வண்டி வைத்திருப்பவர்களின் முகம் அவருக்குச் சட்டென்று நினைவு வராது. வண்டியின் அடிப்பாகத்தைக் காட்டினால் ஊர், பேர் எல்லாம் சொல்லிவிடுவார்.

அந்த மழைக்குப் பல வருஷம் கழித்து, ஆவணி மாதத்தில் ஒரு நாள், டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. கூடவே ஒரு பெரியவரும் அவர் மகனும். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், தனசேகரன் என்று பெயர். தாமல் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வீடு. மகன் தனுஷ் ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் வேலை.

“பெட்ரோல் இஞ்சின் பாய். செத்துப்போச்சி,” என்றார் தனசேகரன். “உயிரோட இருந்தப்பவே குடிகாரன் மாதிரி குடிக்கும். டீசல் இஞ்சின் ஒண்ணு வாங்கி வெச்சிக்கிறேன், கழிச்ச பிக்கப் வண்டியோடது. ஆர்.டி.ஓ. ஆபீசுல அனுமதியும் வாங்கிட்டேன். ஏத்திக் குடுக்கணும்.”

“அவசரமாண்ணே?”

“ஐப்பசி மழைக்குள்ள வேணும். வீட்ல அவங்களுக்குக் கிட்னி போயிடுச்சி. வாரத்துல ரெண்டு வாட்டி டயாலிசிஸ். இப்ப ஆட்டோ வருது. மழை புடிச்சிட்டா ஏரிக்கரையில ஒரு பய வர மாட்டான். கரிசல் சேறு, சக்கரத்தையே முழுங்கிடும். இந்த ஜீப்பு போனாத்தான் உண்டு.”

ஷபியுல்லா தலையாட்டிக்கொண்டே ஜீப்பை ஒரு சுற்று வந்தார். இடப்பக்கக் கதவருகே வந்ததும் நின்றுவிட்டார். மேல் கம்பியில் ஒரு கயிறு தொங்கியது. நிறம் மங்கிப் போயிருந்தாலும் பட்டு பட்டுதான். சிவப்பும் மயில்கழுத்தும் மாம்பழ மஞ்சளும் முறுக்கிக்கொண்டு கிடந்தன.

“இந்தக் கயிறு…”

“அதுவா? எங்க வூட்டம்மா இளவரசி திரிச்சது. கல்யாணத்துக்கு முன்னாடி நூல் சுத்தப் போய்க்கினு இருந்தாங்க. துண்டு நூலைத் தூக்கிப்போட மனசு வராது.”

ஷபியுல்லா அந்த முகத்தை இப்போதுதான் நன்றாகப் பார்த்தார். தலை நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. தனசேகரனுக்கு அவரை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. அந்த மழையில் எத்தனை பேரை ஏற்றி இறக்கினாரோ.

அன்று மாலை வீட்டில் செய்தியைச் சொன்னதும் ஜுலைகா பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல. சொல்லட்டுமா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “வேணாங்க. சொன்னா அந்த மனுஷன் கூச்சப்படுவாரு. இல்ல, நீங்க செய்யிறது கைம்மாறுன்னு நெனச்சி வாங்கிக்க மாட்டாரு. நல்லா செஞ்சி குடுத்துடுங்க. அல்லாவுக்குத் தெரிஞ்சா போதும்.”

அப்படித்தான் வேலை ஆரம்பித்தது. அதுவரை எந்த வண்டிக்கும் வராத பதற்றம் ஷபியுல்லாவுக்கு இந்த ஜீப்பில் வந்தது.

டீசல் இஞ்சின் இரும்புப் பாறை. பழைய பெட்ரோல் இஞ்சினைவிடக் கனம், உயரம். உட்கார வைத்ததும் ஜீப்பின் மூக்கு தரையைப் பார்த்துத் தாழ்ந்துவிட்டது. குழியில் இறங்கிப் பார்த்தால், இஞ்சினுக்கு அடியில் தொங்குகிற எண்ணெய்த் தொட்டிக்கும் முன் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு விரல்தான் போனது. பள்ளத்தில் ஒரு முறை குதித்தால் ஆக்சில் எழும்பித் தொட்டியை உடைத்துவிடும். வண்டியைத் தூக்கியாக வேண்டும். எவ்வளவு, எப்படி என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை தனுஷ் வந்தான். கையில் போன், போனில் வீடியோ.

“பாய், இத்தப் பாருங்க. ஆறு இஞ்ச் லிஃப்ட். எதிர்ல வர்ற லாரிக்காரனே ஒதுங்குவான்.”

“ஆறு இஞ்ச் தூக்குனா நீ ஏணி வெச்சித்தான் ஏறணும் தம்பி.”

“அதெல்லாம் ஜம்ப் பண்ணி ஏறிக்கலாம் பாய். லிஃப்ட் இல்லாத ஜீப்பு கிரைண்டர் மாதிரி இருக்கும்.”

பேரம் பேசி நான்கு அங்குலத்தில் வந்து நின்றார்கள். வண்டியைத் தாங்கும் இரும்புக் கமான் பட்டைகளைச் சட்டத்தோடு இணைக்கும் கொக்கிகளை நீளமாக்கினால் செலவில்லாமல் உயரம் வரும். ஆனால் ஸ்டீயரிங் குடிகாரன் நடைபோல ஆடும். அது வேண்டாமென்று, வளைவு அதிகமான புதுக் கமான் பட்டைகளை அடித்து வாங்க ஷபியுல்லா சிட்டிபாபுவிடம் போனார். லாரிகளுக்குக் கமான் பட்டை அடிக்கிற பட்டறை அவனுடையது. தெலுங்கு வீட்டுப் பிள்ளை, ஷபியுல்லாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

“நாலு இஞ்சா? யாருக்கு பாய், ஒட்டகத்துக்கா?” என்றான் சிட்டிபாபு. ஆனாலும் நாணேற்றிய வில் மாதிரி அழகாக அடித்துக் கொடுத்தான்.

பூட்டி முடித்துக் குழியில் நின்று பார்த்தார் ஷபியுல்லா. தொட்டிக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கை முழுசாகப் புகுந்தது. எங்கும் இடிக்கவில்லை, உரசவில்லை. தொழிலில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சுத்தமான வேலை அமைந்ததில்லை என்று தோன்றியது. கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார். மனிதன் தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்ளும் நேரம்தான் அவன் கண்ணில் தூசி விழுகிற நேரம்.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்புகிற வழியில் தனசேகரன் ஆட்டோவை ஷெட்டில் நிறுத்தச் சொன்னார். ஜீப்பை மனைவிக்குக் காட்ட ஆசை. தனுஷும் அன்று விடுப்பில் கூட வந்திருந்தான்.

இளவரசி மெல்ல இறங்கினாள். ஒல்லியான உடம்பு, வீங்கிய கணுக்கால்கள். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த அம்மாள். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை இப்போது ஊசி ஊசியாகக் குத்தித் தடித்திருந்தது. ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றாள். ஏறும் இடம் அவள் இடுப்புக்கும் மேலே இருந்தது. தான் திரித்த கயிற்றை நோக்கிக் கையை நீட்டினாள். நுனி விரலில் பட்டது, பிடிக்கு வரவில்லை. கையை இறக்கிக்கொண்டாள்.

“நல்லாத்தான் இருக்குது பாய்,” என்றாள் அமைதியாக. “கம்பீரமா இருக்குது.” பிறகு கணவரைப் பார்த்து, “நான் ஆட்டோலயே உக்காந்துக்கிறேன்” என்று திரும்பி நடந்தாள்.

“அம்மா, நான் தூக்கி வெச்சிடறேன்மா. இன்னா வெயிட்டு இருக்கப்போற நீ?” என்றான் தனுஷ்.

அவள் நிற்கவில்லை.

தனசேகரன் குரலைத் தாழ்த்தினார். “அத்த மட்டும் சொல்லாதடா. பாய், ஒரு வாட்டி ஆஸ்பத்திரியில கூட்டம். ஒருத்தன் அவசரத்துல இவளை மூட்டை மாதிரி தூக்கிப் பெட்டுல போட்டுட்டான். அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னா. ‘என்னிக்கு என்னைத் தூக்கித்தான் ஏத்தணும்னு ஆவுதோ, அன்னிக்கு இந்தப் போக்குவரத்த நிறுத்திடுவேன். என் கால்ல நடந்து போற வரைக்கும்தான் போவேன்.’ அவ சொன்னா சொன்னதுதான்.”

“நிறுத்திட்டா…?”

“பத்து நாளு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு.”

ஆட்டோ போன பிறகு ஷபியுல்லா வெகுநேரம் குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். நான்கு அங்குலம். அந்தப் பையன் ஆசைக்குத் தலையாட்டினோம் என்று அவன்மேல் பழி போட மனம் வரவில்லை. ஆக்சிலிலிருந்து தொட்டிக்கு எவ்வளவு என்று அளந்தது அவர் கை. தரையிலிருந்து படிக்கு எவ்வளவு என்று அவர் அளக்கவே இல்லை.

வீட்டில் ஜுலைகாவிடம் சொன்னார். அவள் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

“நீங்க எப்பவும் குழியில நின்னு மேல பாக்குறீங்க. ஏறுறவங்க குழிக்குள்ளேர்ந்தா வருவாங்க? பக்கத்துலேர்ந்து வருவாங்க.” சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “அன்னிக்கு எனக்குக் கால் தூக்க முடியல. அவரு தொடையில கால் வெச்சப்ப பயமா இருந்துச்சி, வழுக்கிடுமோன்னு. அந்தக் கால் கொஞ்சம்கூட நடுங்கலீங்க. அதான் எனக்கு இன்னிக்கும் ஞாபகம்.”

சாப்பிட்டுக்கொண்டே ஷபியுல்லா மனசுக்குள் கணக்குப் போட்டார். வழி ஒன்று தெரிந்தது. கனம் கூடினால் கனத்தைத் தாங்க வைக்க வேண்டும். தாங்குவதும் தூக்குவதும் ஒன்றில்லை. வண்டி பழைய உயரத்திலேயே நிற்கட்டும். இடம் கொடுக்க வேண்டியது தொட்டி.

காலையில் இஞ்சினை மறுபடி வெளியே இறக்கினார். எண்ணெய்த் தொட்டியின் முன்பாகத்தை அறுத்து மேலே ஏற்றி, அங்கே குறைந்த எண்ணெய்க்குப் பின்பாகத்தில் இடம் ஒதுக்கி, ஒட்டு வைத்தார். ஒரு சொட்டு கசிந்தாலும் இஞ்சின் போய்விடும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உலர்ந்த செய்தித்தாள்மேல் ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தார். காகிதம் நனையவில்லை. பிறகு பட்டைகளைத் தூக்கிக்கொண்டு சிட்டிபாபுவிடம் போனார்.

“வளைவைக் குறைச்சிடு. அடியில கனமா ஒரு பட்டை சேரு. ஒசரம் வேணாம், வலு வேணும்.”

“நான் அடிச்ச வில்லை நானே ஒடைக்கணுமா? ஏம்பா, கிறுக்குப் புடிச்சிருக்குதா ஒனக்கு?”

“ஆமாம்பா. நீ அடி.”

சிட்டிபாபு முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் எதுவும் கேட்காமல் உலையை மூட்டினான்.

எல்லாம் பூட்டியதும் ஜுலைகாவிடமிருந்து ஒரு உருண்டை சப்பாத்தி மாவு வாங்கி வந்தார் ஷபியுல்லா. அதை எண்ணெய்த் தொட்டிக்கு அடியில், ஆக்சிலுக்கு நேர் மேலே அப்பிவிட்டு, தனசேகரனையும் தனுஷையும் ஏற்றிக்கொண்டு, பின்னால் மணல் மூட்டைகளும் போட்டு, தாமல் ஏரிக்கரைக்கே ஓட்டிப் போனார். கரையில் இருக்கிற பள்ளம் ஒன்றுவிடாமல் இறக்கி ஏற்றினார்.

“பாய், இது டெஸ்ட்டா, தண்டனையா?” என்றான் தனுஷ், மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

“கிரைண்டர் எப்படி இருக்குது தம்பி?”

“மாவு நல்லா ஆட்டுது,” என்று சொல்லி அவனே சிரித்துவிட்டான்.

ஷெட்டுக்குத் திரும்பிக் குழியில் இறங்கிப் பார்த்தபோது மாவு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஆனால் நசுங்கிய இடத்திலும் ஒரு விரல் கனம் மிச்சம் இருந்தது. ஆக்சில் தொட்டியைத் தொடவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னார்.

வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய உயரத்திலேயே அன்று ஜுலைகாவால் ஏற முடியவில்லையே. இளவரசி எப்படி ஏறுவாள்? யாரும் அதைக் கேட்கவில்லை. இதற்கு முன்னால் தனசேகரன் ஒரு மரப்பலகையை வண்டியிலேயே வைத்திருந்து எடுத்துப் போடுவாராம். சேற்றில் அது ஆடும், அவள் முகம் சுருங்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடித்துவிட்டு வந்த ஷபியுல்லா ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே அவரையும் ஜீப்பையும் தவிர ஒருவருமில்லை. பெரிய காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து கோயில் மணி சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இடப்பக்கக் கதவருகே போய், ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். மற்றத் தொடையை நீட்டினார். வயதாகிவிட்டது, முட்டி வலித்தது. அப்படியே இருந்துகொண்டு, சாக்பீஸை எடுத்து, தொடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே மட்டத்தில் ஜீப்பின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோட்டில் ஒரு படி வந்தது. வழுக்காத வரி போட்ட இரும்பு. ஓடும்போது மேடு இடித்தால் பின்னால் மடங்கித் தானே திரும்பி வரும். மிதித்தால் அசையாது. பக்கத்தில் சிறியதாக ஒரு கைப்பிடி. பட்டுக் கயிற்றை அவிழ்த்து, கெட்டிக் கம்பிச் சங்கிலியில் கோத்து, இளவரசியின் தோளுயரத்தில் தொங்கவிட்டார். படிக்குப் பழைய பச்சை வண்ணத்தையே பூசி, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் கிரீஸும் மண்ணும் தேய்த்துவிட்டார். வண்டியோடு பிறந்தது போல இருந்தது.

ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்த மறுநாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், வண்டியை எடுக்க மூவரும் பலகையோடு ஆட்டோவில் வந்தார்கள். ஷபியுல்லா குழியில் இருந்தார். பட்டைகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கடைசியாக ஒரு முறை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு அஞ்சி நிமிஷம்ணே. நீங்க எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு வந்துடுங்க.”

“நீ இங்கியே நாற்காலில உக்காரு இளவரசி,” என்ற தனசேகரனின் குரல் தூரமானது. “ஏறும்போது பலகை எடுத்துப் போடறேன்.” தனுஷின் செருப்புச் சத்தமும் கூடவே போனது.

போல்ட் இறுகியது. ஷபியுல்லா மேலே வரப் பார்த்தார். அப்போது நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஜீப்புக்கும் தரைக்கும் நடுவே இருந்த வெளிச்சத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வீங்கிய கணுக்கால், ரப்பர் செருப்பு. குழிக்குள் இருப்பவர் தன்னைப் பார்க்க முடியாது என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். முடியாமல் போனால் அது தன்னோடு இருக்கட்டும் என்றிருக்கும்.

ஷபியுல்லா கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் மண்ணில் வைத்தார். மூச்சையும் மெதுவாக விட்டார்.

ஒரு பாதம் தரையை விட்டு எழுந்தது. படியைத் தேடியது. கிடைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, நம்பலாமா என்று கேட்கிற மாதிரி. மேலே பட்டுக் கயிறு முறுக்கிக்கொள்ளும் மெல்லிய சத்தம் கேட்டது. மற்றப் பாதமும் எழுந்தது.

அவர் கண்ணுக்கு நேராக இருந்த கமான் பட்டை அரை விரற்கடை தாழ்ந்து, அவளை வாங்கிக்கொண்டு, மறுபடி நிமிர்ந்தது. ஜீப் ஏன் குனிய மாட்டேங்குது என்று சின்ன வயதில் அஃப்ஷீன் கேட்டது ஷபியுல்லாவுக்கு அப்போது ஞாபகம் வந்தது.

மேலே இருக்கையில் அவள் சாய்ந்து உட்கார்கிற சத்தம். ஒரு நீண்ட மூச்சு. பிறகு, யாரிடமும் இல்லாமல், “அப்பாடா” என்று ஒரு சொல்.

தனசேகரன் டீ குடித்துவிட்டு வந்து, பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் நாற்காலியைப் பார்த்துத் திகைத்து நின்றபோது, குழிக்குள் ஷபியுல்லா இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.